அலமாரிக்குள் போன புகைக்குழாய்

ஒட்டிலியா துணி அலமாரியின் பின்பலகையில் உள்ளங்கையை வைத்தாள்; வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.

கீழே விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் மாடிக்கு ஏறி, அலமாரிக்குள் நுழைந்து, கூரையைத் துளைத்து வெளியேறியது. அவள் கணவன் எலியாசர் போன வாரம் செய்த வேலை. சிலோயே தீவின் குளிர்கால மழையில் எதுவும் காயாது. இப்போது காலுறைகூட மொறுமொறுவென்றிருந்தது.

அந்த மொறுமொறுப்பு அவளுக்கும் பிடித்திருந்தது. அதனாலேயே பயத்தை வெளியே சொல்லக் கூசினாள்.

"பலகை சுடுதுப்பா."

"அடுப்புன்னா சுடாம, குளிருமா?"

இருந்தாலும் குழாய்க்கும் பலகைக்கும் நடுவே ஒரு கம்பளித் துண்டைச் செருகினான். அது பழுப்பேறிப் பொசுங்கியது. அதை எடுத்துவிட்டுப் பலகைமேல் தகரம் அடித்தான். தகரமும் சேர்ந்து சுட்டது. குழாயையே வளைத்து ஒதுக்கினான். வளைவின் இணைப்பில் புகை கசிந்தது.

"கதவைச் சாத்திட்டா வெளிய வராதுல்ல?" என்று சாத்தினான்.

சாத்திய கதவுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. தரை, சுவர், கூரை எல்லாமே மரம். உள்ளே நடப்பது இனி கண்ணுக்கும் தெரியாது. தீயணைப்புத் தொண்டர்களின் தலைவரான தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் நொல்பெர்த்தோ தன் மனைவி இஸ்மெனியாவோடு வந்தார். கதவைத் திறந்து, பலகையைத் தொட்டார்.

"அடுப்ப அணை. இப்பவே!"

எலியாசர் ஓடிப்போய்த் தணலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு வந்தான்.

"மூடின இடத்துக்குள்ள ஒத்தத் தகரக் குழாய் போகவே கூடாது. ரெட்டைச் சுவர்க் குழாய் போடணும், மரத்துல படாம சுத்தி இடம் விடணும். வெறும் குழாய்னா ஒரு முழம் தள்ளி நிக்கணும்டா! எந்த மடையன் சொல்லிக் குடுத்தான் உனக்கு?"

ஒட்டிலியாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கணவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"யாரும் சொல்லல மச்சான்," என்றான் எலியாசர். "உங்க வீட்டு மாடியில பாத்துட்டு வந்துதான் செஞ்சேன்."

நொல்பெர்த்தோ மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"நம்ம வீட்ல... அடுப்பு எரியுதா?"

"எரியாம பின்ன?" என்றாள் இஸ்மெனியா. "மழைக்காலம் பூரா உங்க தீயணைப்புச் சீருடை வேற எப்படிக் காயுதுன்னு நெனச்சீங்க?"