ஏழு கவர் அட்வான்ஸ்

கூரையிலிருந்து ஒழுகிய சொட்டு வாளிக்குள் விழாமல் அடுப்பின்மேல் விழுந்தபோது, மருந்துக்கடைக்காரரின் மனைவி வாளியை நகர்த்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கூரை வேலைக்கு வரப்போகிறவரைப் பற்றி விசாரிக்க வேண்டிய கேள்விகளைச் சொல்லத் தொடங்கினாள். கணவர் ஒரு பில்லின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை செய்றார்? சொன்ன தேதிக்கு முடிச்சாரா? முடிச்சதும் குப்பையை அள்ளினாரா? எழுதிக்கிட்டீங்களா?"

"பதினோரு கேள்வி ஆச்சு."

"பன்னிரண்டாவது, அடுத்த மழைக்கு ஒழுகிச்சா? இதுதான் முக்கியம். நீங்களே தட்டிப் பாருங்க. ஆள் சொல்றதை நம்பாதீங்க, சுவர் சொல்றதை நம்புங்க."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. போன வருடம் இதே கூரையைச் சரிசெய்ய ஒருவன் வந்தான். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். அட்வான்ஸ் வாங்கினான். சிமென்ட் எடுத்துவரப் போனான். இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த வாளி அவன் விட்டுப்போனது. அவன் கொண்டுபோனது, அவள் இரண்டு வருடம் தையல் மிஷின் மிதித்துச் சேர்த்த பணம். செருப்பு வாங்கினால்கூடக் காலாவதித் தேதி தேடுகிற மருந்துக்கடைக்காரர், அவனிடம் மட்டும் எதையும் தேடவில்லை.

"இந்தத் தடவையும் ஏமாந்தீங்கன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க வாளியோட குடித்தனம் பண்ணுங்க."

புதிதாக ஒரு கான்ட்ராக்டரைப் பற்றி யாரோ நல்லபடியாகச் சொல்லியிருந்தார்கள். போனில் அவர் அதிகம் பேசவில்லை. தன் வீட்டு முகவரியையும், தான் வேலை செய்த ஒரு வீட்டின் முகவரியையும் கொடுத்து, "போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

அது ஒரு பல் டாக்டரம்மாவின் வீடு. மருந்துக்கடைக்காரர் பன்னிரண்டு கேள்விகளையும் கேட்டார். நாற்காலிமேல் ஏறிக் கூரையைத் தட்டினார். சுவரில் காதை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"நான்கூட யார் பல்லையும் இப்படிப் பார்த்ததில்லைங்க" என்றார் டாக்டரம்மா.

கூரை காய்ந்திருந்தது. அவருக்குத் திருப்தி. அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வீட்டுச் சுவரையும் ஒரு தட்டு தட்டுங்களேன்."

மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று போய்த் தட்டினார்.

"ஈரம் கோத்திருக்கு. மேலயிருந்து இறங்குது."

யாரும் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான். சுவரில் அருவியே ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அசந்துபோய், ஒரு கவரை எடுத்து அவர் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"அட்வான்ஸ்."

"ஐயோ, நான் மருந்துக்கடை வெச்சிருக்கேங்க!"

"இருக்கட்டுமே. நோயைக் கண்டுபிடிச்சவரே மருந்து போடுறதுதானே முறை?"

திருப்பிக் கொடுப்பதற்குள் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். முப்பது வருடம் பயணிகள் முகத்தில் கதவைச் சாத்திப் பழகிய கை.

"விசாரிக்கப் போனீங்களா, வசூலுக்குப் போனீங்களா?" என்றாள் மனைவி. "நாளைக்கு முதல் வேலையா இதைக் குடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலையில் கொடுக்கப் போனார். அங்கேதான் விஷயம் கைமீறியது. கவரைப் பார்த்த ஓட்டுநர் வாசலுக்கு வந்து தெருவையே கூப்பிட்டார்.

"எல்லாரும் ஓடியாங்க! அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்குற கான்ட்ராக்டர்! எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எனக்கு இந்த வேலையே தெரியாதுங்க!" என்று மருந்துக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேட்டியாடி?" என்று ஒரு அம்மாள் தன் தங்கையின் விலாவில் இடித்தாள். "நம்மளை ஏமாத்தினவன் எல்லாம் தெரியும்னான். இவரு எவ்வளவு அடக்கம் பாரு!"

ஒரு கவரைக் கொடுக்கப் போனவர் நான்கு கவர்களோடு திரும்பினார்.

இனி அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவுசெய்தார். அதனால் தெரு அவர் கடையைத் தேடி வந்தது. இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர், சில்லறையை எண்ணிக்கொண்டே, "மாடிப்படிக்கு டைல்ஸ் போடுவீங்களாமே?" என்றார்.

விரட்டுவதற்கு ஒரு வழி தோன்றியது. "ஆறு மாசத்துக்கு முடியாதுங்க" என்றார் கறாராக.

"ஆறு மாசத்துக்கு வேலை வரிசையில நிக்குதா? அப்ப நீங்க சொக்கத் தங்கம்!"

இருமல் மருந்தை மறந்து, கவரை வைத்துவிட்டுப் போனார்.

ஒரு தலைமையாசிரியை மட்டும் விவரமானவர். எடுத்தவுடன் பணத்தை நீட்டவில்லை. பதினெட்டுக் கேள்விகளோடு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவிக்கு உயிர் வந்தது.

"வாங்கம்மா, வாங்க. நல்லாத் துருவித் துருவி விசாரிங்க. முதல்ல சமையலறையைப் பாருங்க. இது அவரோட சொந்தக் கூரை. ஒரு வருஷமா ஒழுகுது!"

தலைமையாசிரியை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கண் கலங்கியது.

"தன் கூரை ஒழுக ஒழுக, ஊர்க் கூரைக்கு உழைக்கிறாரே!"

இரண்டு கவர்கள் வைத்தார். ஒன்று தன் வீட்டுக்கு, இன்னொன்று தன் நாத்தனார் வீட்டுக்கு.

அன்று மாலை மனைவி ஏழு கவர்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

"இதுல ஏதோ ஒரு வீட்டுக்காரி என்னை மாதிரி மிஷின் மிதிச்சு சேத்திருப்பா. வேலையும் செய்யலை, பணமும் போய்ச் சேரலை. போன வருஷம் வந்தவனுக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அவர் கவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"நான் சிரிக்கலையே" என்றார் பரிதாபமாக.

"திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேங்கிறாங்க. சரி, அந்தக் கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போங்க. ஏழையும் அவர் கையில ஒப்படைச்சு, ஏழு வேலையையும் அவரையே செய்யச் சொல்லுங்க. தொழில் தெரிஞ்ச மனுஷன். எட்டாவதா நம்ம கூரை. அதுவும் நடக்கலைன்னா, நான் அண்ணன் வீட்ல, நீங்க ஜெயில்ல."

பொழுது விடிந்ததும், ஏழு கவர்களையும் மருந்துப் பையில் போட்டுக்கொண்டு, கான்ட்ராக்டர் கொடுத்த முகவரிக்குப் போனார். கான்ட்ராக்டர் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி.

மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். தட்டிய சுவர், திணித்த கவர், கூடிய தெரு, தலைமையாசிரியையின் கண்ணீர், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் பையை நீட்டினார்.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா என்னைக் காப்பாத்தணும். நான் விசாரிக்கப் போன இடத்துல மாட்டிக்கிட்டவன். அவர் பரம்பரையா இந்தத் தொழில்லயே இருக்கறவரா இருப்பார்."

அந்த அம்மாள் பைக்குள் எட்டிப் பார்த்தாள். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காருங்கண்ணா. அவரு கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி, எங்க வீட்டுக் கூரைக்கு ஒரு நல்ல கான்ட்ராக்டரா விசாரிச்சுட்டு வரேன்னு கிளம்பினவரு, இன்னும் விசாரிச்சு முடிக்கலை."