தையல்காரர் படித்த மோட்டார் பாடம்

வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்றதும் வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் தையல்காரர்தான். நரை விழுந்த வயதில் வீட்டு மின்சாதனங்களைப் பற்றி ஒரு தடிமனான பாடப்புத்தகம் வாங்கி, ஏழு பாடம் முடித்துவிட்டு, ஏதாவது ரிப்பேர் ஆகாதா என்று காத்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி.

"எதுக்கு? ஏழாம் பாடமே மோட்டார்தான். எனக்கு அத்துப்படி."

"சாயந்தரத்துக்குள்ள ஓடணும். இல்லேன்னா அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்ல போட்டுடுவேன்."

சொன்னால் செய்கிறவள். பள்ளிக்கூடத்தில் எதுவுமே மண்டையில் ஏறாமல் ஊசி பிடிக்க வந்தவர் தையல்காரர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகம் புரிந்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மனசே இல்லை.

மெஷினின் முதுகைக் கழற்றினார். பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. தொளதொளப்பு அவருக்குப் புதிதா என்ன? ஓரத்தில் கொஞ்சம் பிடித்து, இரட்டைத் தையல் போட்டு மாட்டினார். மெஷின் சுற்றியது. சுற்றிய வேகத்தில் குதித்துக் குதித்துச் சமையலறை வாசல்வரை போய்விட்டது.

தள்ளிக்கொண்டு வந்தபோது தண்ணீர் வெளியேறும் குழாய் தரையில் புரண்டது. பேண்ட் தரையில் புரண்டால் என்ன செய்வாரோ அதையே செய்தார். வெட்டிய குழாய் சாக்கடைத் துவாரத்துக்கு எட்டவில்லை. சோப்புத் தண்ணீர் ஹாலுக்குள் வந்தது.

சோபாமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்ட மனைவி, தரையில் கிடக்கும் ஸ்க்ரூவெல்லாம் என்ன என்று கேட்டாள்.

"மிச்சம் பிடிச்சேன்," என்றார் பெருமையாக. துணியில் மிச்சம் விழுந்தால் அது வெட்டியவனின் கெட்டிக்காரத்தனம்.

மெஷின் ஓர் உறுமல் உறுமி நின்றது. மனைவி போனை எடுத்தாள்.

யூனிஃபார்ம் போட்ட மெக்கானிக் வந்து, வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? இந்த வயர் எங்கே போகும்? மோட்டார் நின்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? தையல்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பரீட்சை வைக்கிறார்! மூச்சுவிடாமல் பாடத்தை ஒப்பித்தார். அவர் சொல்லச் சொல்ல மெக்கானிக் தலையாட்டியபடி வயரைச் சொருகினார், பையிலிருந்து புது பெல்ட்டும் குழாயும் எடுத்து மாட்டினார். மிச்சமாயிருந்த ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக வீடு போய்ச் சேர்ந்தன.

சுவிட்சைப் போட்டதும் மெஷின் நின்ற இடத்திலேயே சமர்த்தாகச் சுற்றியது. மனைவி புத்தகத்தைத் தன் கையாலேயே அலமாரியில் வைத்தாள். தையல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எனக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?"

மெக்கானிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எப்படி சார் மார்க் போடுறது? இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். போற வழியில படிச்சுக்கோன்னு இதே புத்தகத்தைக் குடுத்து அனுப்பிட்டாங்க, நான் இன்னும் மூணாம் பாடத்தையே தாண்டலை."