பூச்சியக்காவின் வாளி

நாகர்கோவிலில் குளிக்கிற வாளிக்குப் பூட்டுப் போட்ட ஒரே மனுஷி எங்கள் ஹாஸ்டல் பூச்சியக்காதான். உள்ளே நகை நட்டு ஒன்றும் கிடையாது. குலசேகரத்துக்கு மேலே ஓடையில் கல்லைப் புரட்டி, டீ வடிகட்டும் அரிப்பால் கோரிக்கொண்டு வந்த மேஃப்ளை என்கிற ஓடைப்பூச்சியின் குஞ்சுகள். நாம் ஈசல் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க நம்மோடு பேசமாட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். தண்ணீரில் கிடக்கும் குஞ்சுக்கும் பறக்கிற பூச்சிக்கும் முகஜாடையே இருக்காது. எது எதுவாகிறது என்று வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதிலும் ஆண்பூச்சி கிடைத்தாக வேண்டும். "அப்பன் மொகத்தப் பாக்காம எப்பிடி மக்கா பேரு வைக்க?" என்பாள்.

ஓடைத் தண்ணீரில் பிறந்த ஜீவன் என்பதால் வாளியில் காற்றுக்குழாய் ஓயாமல் குமிழ்விட வேண்டும். கரண்ட் போனால் தொலைந்தோம். துண்டும் சோப்புமாக வந்தவர்களை நிறுத்தி, கப்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றவைப்பாள். நர்சுகளும் பேங்க்காரிகளுமாக முறைவைத்து அந்த வாளியை டீ போல ஆற்றியிருக்கிறோம்.

எல்லாம் செத்து, கடைசியில் ஒரே ஒரு ஆண் மிஞ்சியது. ஒரு சாயங்காலம் அது மங்கலான சிறகோடு வெளியே வந்தது. வலை கட்டிய டம்ளருக்குள் அதை விட்டாள். நாளைக்கு இன்னொரு தடவை சட்டை கழற்றும், அப்போதுதான் கண்ணாடிச் சிறகு வரும், அதன்பிறகு ஒரு நாள் இருந்தால் பெரிது, உயிரோடு போட்டோ எடுத்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்று சாப்பாட்டு மேஜையில் வகுப்பே எடுத்தாள்.

மறுநாள் காலையில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. டெங்கு. அந்த ஊரில் எனக்கு ஆள் கிடையாது. அக்கா டம்ளரை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆட்டோவைக் கூப்பிட்டாள். காவலுக்குச் சமையல்கார தங்கம்மையக்கா. அவர் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் டம்ளரை வைத்தார்.

ஆஸ்பத்திரியில், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"அது சட்டையக் கழத்தத் தெரிஞ்ச சீவன். ஒனக்குக் கஞ்சி குடிக்கவே தெரியல்ல" என்று சொல்லிவிட்டு நகராமல் இருந்தாள்.

சாயங்காலம் தங்கம்மையக்கா ஒரு கையில் கஞ்சியும் மறுகையில் டம்ளருமாக வந்து சேர்ந்தார்.

"மக்கா, ஒனக்க பூச்சி செத்து ஒட்டிக்கிட்டு இருக்கு. அதக் கொன்ன இன்னொண்ணு மேல இருந்து ஆடிச்சு. நான் விடுவேனா? தொறந்து ஒரே அடி."

ஒட்டிக்கொண்டிருந்தது வெறும் சட்டை. அடிபட்டதுதான் கண்ணாடிச் சிறகுக்காரன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா டம்ளரை வாங்கிப் பார்த்தாள். அடித்தது எங்கே என்று மெதுவாகக் கேட்டாள். தூத்துப் பெருக்கி எறிந்தாச்சு என்றார் அவர். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கஞ்சியைக் கலக்கினாள்.

"ஏட்டி, ஆறுறதுக்கு முன்ன குடி."

மறுபடி ஓடை, மறுபடி வாளி. அவள் ஆராய்ச்சி முடிய மேலும் ஒரு வருஷம் ஆனது. என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. அதனால் மழைக்காலத்தில் எங்கள் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சியை யாரையும் அடிக்க விடுவதில்லை. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவேன். பெரும்பாலும் வெறும் ஈசல்தான். ஆனாலும் உடனே பதில் வந்துவிடும்:

"கஞ்சி குடிச்சியா?"