புரொஜெக்டருக்கு வெச்ச பொட்டு

அன்னிக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. எம் பொண்ணு கலாவோட காலேஜ்லேர்ந்து புரொஜெக்டரை ஆட்டோவுல ஏத்திட்டு வந்து, நீலசந்திராவுல ஒரு ஸ்கூல்ல இறக்கணும்.

கலா அப்போ டீச்சர் ட்ரெய்னிங் படிச்சுக்கிட்டிருந்தா. அன்னிக்குத்தான் பரீட்சை. அவ பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தணும், ஒரு மேடம் பின்னாடி உக்காந்து மார்க் போடுவாங்க. கோட்டை விட்டா படிச்சதெல்லாம் வீண்.

"கரும்பலகை காலம் முடிஞ்சிடுச்சுப்பா. இனிமே மெஷின்ல படம் காட்டித்தான் பாடம். பிள்ளைங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க!"ன்னு வீட்டுல ஒரே பேச்சு.

அந்த மறக்க மாட்டாங்கங்கறது மட்டும் அப்படியே பலிச்சது.

புரொஜெக்டர்னா ஒரு பெட்டி. உள்ள பல்பு, மேல சதுரமா கண்ணாடி. மையால படம் வரைஞ்ச பிளாஸ்டிக் தாளைக் கண்ணாடி மேல வெச்சா, செவுத்துல பெருசாத் தெரியும்.

ஸ்கூல்ல கிளாஸ் மேஜை மேல அதை இறக்கி வெச்சதும் கலா சொன்னா: "அப்பா, நான் போய் மேடத்தைக் கூட்டிட்டு வரேன். கண்ணாடி மேல கை வெச்சிடாதே!"

"நான் ஏம்மா வைக்கப் போறேன்?"

அவ போயிட்டா. எனக்கு மனசு கேக்கல. பீன்யா ஃபேக்டரியில பாதி ஆயுசை ஓட்டினவன் நான். புது மெஷின் வந்தா, பொட்டு வைக்காம நாங்க சுவிட்ச் போட்டதே இல்ல. அதுவும் இன்னிக்குப் பொண்ணுக்குப் பரீட்சை!

ஜேபியில கோயில் குங்குமம் இருந்துச்சு. தண்ணி தொட்டுக் குழைச்சேன். இந்த மெஷினுக்கு நெத்தி எதுன்னு பார்த்தேன். கண்ணாடிதான் நல்லா அகலமா இருந்துச்சு. கை வைக்கல. ஒரு விரல்தான் வெச்சேன். பட்டாணி அளவுக்கு ஒரு பொட்டு.

பிள்ளைங்களும் மேடமும் வந்து உக்காந்தாங்க. ஜன்னலைச் சாத்தினாங்க. கலா தாளை வெச்சு சுவிட்ச் போட்டா. செவுத்துல பெரிய இதயம்! நடுவுல தோசை அளவுக்குக் கறுப்பா ஒரு வட்டம்!

"இதுதான் நம்ம இதயம்..."

"டீச்சர்! இதயத்துல ஓட்டை!"

"ஐயோ, செத்துருவாங்களா டீச்சர்?"ன்னு ஒரு பையன் அலறினான்.

கலா திரும்பிப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா.

சும்மா நின்னிருந்தா தப்பிச்சிருப்பேன். தோள் துண்டைத் தண்ணியில நனைச்சுக்கிட்டு ஓடினேன். தாள் மேல அழுத்தித் துடைச்சேன். பொட்டு இருந்தது தாளுக்கு அடியில! நான் துடைக்கத் துடைக்க ஓட்டை அப்படியே நின்னுச்சு, இதயம்தான் காணாமப் போச்சு.

கிளாஸே சிரிப்புல அதிருது. மேடம் கேட்டாங்க, "யாரம்மா இவரு?"

பெத்த பொண்ணு ஒரு நிமிஷம் யோசிச்சா. "மெஷின் தூக்கிட்டு வந்தவரு, மேடம்."

நானும் ஆமாம்னு தலையாட்டினேன். வேற என்ன செய்ய?

கலா சுவிட்சை அணைச்சா. ஜன்னலைத் திறந்தா. முடிஞ்சுபோச்சுன்னு சொன்ன அதே கரும்பலகையில சாக்பீஸால இதயத்தை வரைஞ்சா பாருங்க, அச்சு மாதிரி! "ஓட்டை விழுந்தா என்ன ஆகும்னு கேட்டியே, வா, இங்க வந்து ரத்தம் எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டு"ன்னு அந்தப் பையனையே கூப்பிட்டா. பிள்ளைங்க முண்டியடிச்சுக்கிட்டு பதில் சொல்லுச்சுங்க.

மேடம் நல்ல மார்க்கே போட்டாங்க. போகும்போது, "அடுத்த தடவை வேற ஆளைத் தூக்கச் சொல்லும்மா"ன்னு மட்டும் சொன்னாங்க.

திரும்பி வர்றப்போ ஆட்டோவுல கலா மெஷினை என் கைக்கு எட்டாம வெச்சுக்கிட்டு உக்காந்தா. அப்புறம் சொன்னா: "எந்த மெஷின் வந்தாலும் டீச்சர் கையில ஒரு சாக்பீஸ் இருக்கணும்ப்பா. பக்கத்துல அப்பா இருக்கக் கூடாது."

இப்போ எங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்குப் பொட்டு முதுகுலதான்.