சீட்டுக்கு அடியில் மஞ்சள் தண்ணீர்

கூச்ச சுபாவம் உள்ளவன் வாடகை வண்டி ஓட்டக்கூடாது. ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால், என்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிற வண்டியை வாங்கக்கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் ஏன் என்று கேட்கக் கூச்சப்பட்டிருப்பேன்.)

காரைக்குடியில் நான் ஓட்டுவது ஒரு சின்ன சரக்கு வண்டி. அது திடீரென்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. காலையில் நிரப்பினால் சாயங்காலம் பாதிதான் இருக்கும். என் மனைவியின் தம்பி முருகேசன் மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

“என்ஜின்ல டம்மி போயிருச்சு மச்சான்.”

என்ஜினில் தண்ணீர் ஓடும் பாதையில் வட்ட வட்டமாக ஓட்டைகள் உண்டு. அவற்றைக் கிண்ணம் போன்ற சின்னத் தகர மூடிகளால் அடைத்திருப்பார்கள். அந்த மூடிக்குத்தான் டம்மி என்று பெயர்.

“கூலன்ட் ஊத்தச் சொன்னேன். நீங்க போர்த்தண்ணிய ஊத்துனீக. உப்புத்தண்ணி தகரத்தத் திங்காம என்ன செய்யும்?”

“மூடி என்ன வெல மாப்ள?”

“மூடி டீக்காசுதான். ஆனா அது கியர்பாக்ஸுக்குப் பின்னால கெடக்கு. அத எறக்கி ஏத்தணும். வேலைதான் சாஸ்தி.”

அந்த வேலைக்கு எவ்வளவு என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூடி விலையைக் கேட்டதிலேயே என் தைரியம் தீர்ந்துவிட்டது. அவனே சொன்னான்: “நமக்குள்ள என்ன மச்சான், குடுக்குறதக் குடுங்க.”

எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தொகை கிடையாது. குறைத்துக் கொடுத்தால் மனைவி பேசமாட்டாள். கூட்டிக் கொடுத்தால் வண்டித் தவணை நின்றுபோகும். கல்யாண முகூர்த்த நாள் ஓட்டமெல்லாம் முடியட்டும் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டி ஸ்டாண்டில் ஒருவர் யோசனை சொன்னார். ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டினால் ஓட்டை அடைபட்டுவிடுமாம். வீட்டு அடுப்படி டப்பாவைக் கவிழ்த்தேன். ஒழுக்கு நின்றுபோனது. முருகேசன் தொழிலில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கண்டனூருக்குச் சாமான் ஏற்றிப்போகிற நடை ஒன்று வந்தது. பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றி, பரப்பி வைப்பது அவர்கள் வழக்கம். நல்ல நேரத்துக்குள் சாமான் இறங்கவேண்டும். இது சரியாக நடந்தால் அந்த வீட்டார் நடை எல்லாம் இனி எனக்குத்தான் என்று பேச்சு. தவணைக்குத் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய பிடிமானம்.

பெண்ணின் தாயார் மீனாட்சி ஆச்சி, சாமானோடு தானும் வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தண்ணீர் ஊற்றுகிற மூடி அந்தச் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

பாதி வழியில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. நிறுத்தி, “ஆச்சி, கொஞ்சம் எறங்குறீகளா” என்று கேட்டால் போதும். பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“என்னப்பா, சீட்டு சுடுது?”

“வெயிலு ஆச்சி.”

“வெயிலு மேல இருந்துல்ல வரும். இது கீழ இருந்து வருது.”

“ரோட்டுச் சூடு ஆச்சி.”

(பொய் சொல்வதற்குக் கூச்சம் குறுக்கே நிற்பதில்லை.)

“சாம்பார் வாசம் வேற அடிக்குது.”

“கல்யாண வீடு கிட்ட வந்திருச்சு ஆச்சி.”

கண்டனூருக்கு முன்னால் ஓர் ஊருணிக் கரையில் வண்டி தானாகவே நின்றது. ஆச்சி இறங்கியதும் சீட்டு இடுக்குகளிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஆவியோடு பீய்ச்சியது. புடவைக் கரையில் கொஞ்சம் தெறித்தது. பின்னால் அடுக்கியிருந்த வெள்ளை மெத்தை உறைகளில் நிறையத் தெறித்தது.

“எறங்குங்கன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னப்பா?”

“கூச்சமா இருந்துச்சு ஆச்சி.”

அவர் புடவைக் கரையை உதறிவிட்டு நிமிர்ந்தார். கோபம்கூட இல்லை.

“நீ கூச்சப்பட்டதுக்கு நான் அவிஞ்சு வந்திருக்கேன்.”

வேறு வண்டி வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போவதற்குள் நல்ல நேரம் கழிந்துவிட்டது. அந்த வீட்டு நடை எதுவும் பிறகு எனக்கு வரவில்லை. போன் செய்து மன்னிப்புக் கேட்கலாம் என்று பலமுறை எண்ணைத் தேடி எடுத்தேன். எடுத்ததோடு சரி.

வண்டியைக் கயிறு கட்டி முருகேசன் பட்டறைக்கு இழுத்து வந்தோம். என்ஜின் காய்ந்து, அதன் மேல்பாகமான ஹெட் சூட்டில் வளைந்திருந்தது. ரேடியேட்டர் முழுக்க மஞ்சள் சேறு. இந்தத் தடவை தொகையை அவனே சொன்னான்.

“அன்னைக்கே விட்டிருந்தீகன்னா மூவாயிரத்துல முடிஞ்சிருக்கும் மச்சான். இப்ப இருபத்தெட்டாயிரம். இதுல டம்மி எல்லாஞ் சேத்து முந்நூறு ரூவாதான்.”

மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. அதற்காக அவள் என்னைத் திட்டவில்லை. வேறு ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டாள். இப்போதும் நான் எதையாவது மனதில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால், என் மகள் மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்து நிற்பாள். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்:

“ஏங்க, சூடேறுதா? ஏறுனா சொல்லிருங்க. நாங்க எறங்கிக்கிறோம்.”