பெங்குவினுக்கு எந்த நாமம்?

"குப்பைத்தொட்டியைக் கொண்டுபோய் ஈசானிய மூலையில் வைத்திருக்கிறாயே, நீ காஞ்சிபுரத்தில் பிறந்தவன்தானா?" என்று டெட்ராய்ட்டிலிருந்து பூவராகவன் கேட்டிருந்தார்.

லில்லியின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைப் படித்த வாசுதேவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பகலில் இன்ஜினீயரிங் காலேஜ் லெக்சரர். மற்ற நேரமெல்லாம் 'வரதா'வின் பிரம்மா. வரதா என்பது லினக்ஸைத் தட்டிக் கொட்டித் தமிழ் பேசவைத்த இலவச இயங்குதளம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திட்டலாம். முதல் பதிப்பு வெளிவருகிற அன்றே வேலையை விட்டுவிடுவதாக மனைவி ஜெயலக்ஷ்மியிடம் சபதம் செய்திருந்தான்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. "ஏன்னா, உங்க இஷ்டம். ஆனா எதையும் நாலு பேரைக் கேட்டுண்டு செய்யுங்கோ" என்றாள்.

கேட்பதற்காக மின்னஞ்சல் குழு ஒன்று தொடங்கினான். முதல் மாதம் ஈ, காக்கைகூட வரவில்லை. பாவம், சோறு இறங்காமல் கிடந்தான். அப்புறம் ஒவ்வொருவராக வந்து ஏழு பேர் சேர்ந்தார்கள். டெட்ராய்ட், துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று திக்குக்கு ஒருவர். வாசுதேவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

வம்பு 'தொடங்கு' பொத்தானில்தான் தொடங்கியது. உலக வழக்கப்படி அதைத் திரையின் இடது கீழ்மூலையில் வைத்திருந்தான்.

"நல்ல காரியத்தை இடது பக்கமிருந்தா ஆரம்பிப்பார்கள்?" என்று துபாய் மங்கையர்க்கரசி எழுதினாள். வலது பக்கம் மாற்றினான். அங்கிருந்த குப்பைத்தொட்டி மேலே ஏறி ஈசானியத்தில் உட்கார்ந்தது. பூவராகவன் சீறியது அதற்குத்தான்.

கன்னி மூலைக்கு இறக்கினான். "அது பணப்பெட்டி வைக்கிற இடம்!" என்றார் சிங்கப்பூர் கந்தன். வாயு மூலைக்குத் தள்ளினான். "காற்றில் குப்பை பறக்காதா?" என்று லண்டன் அம்சா கேட்டாள். திரைக்குள் காற்று எங்கே அடிக்கிறது என்று வாசுதேவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தொட்டியே வேண்டாம் என்று தூக்கி எறிந்தான். மறுநாள் கை தவறி, தான் ஒரு மாதம் எழுதியதையெல்லாம் அழித்தான். மீட்டெடுக்கத் தொட்டி இல்லை.

"போனாப் போறதுன்னா, மெதுவா எழுதிக்கலாம்" என்று சாதத்தில் சாத்தமுது விட்டுக்கொண்டே ஜெயலக்ஷ்மி தேற்றினாள். "என்ன அவசரம்?" பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டெட்ராய்ட்டிலிருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்ப வழக்கம்போல் லில்லி கடைக்குக் கிளம்பினாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எல்லாம் தயாரானபோது, லினக்ஸின் சின்னமான பெங்குவின் வந்து மாட்டிக்கொண்டது.

"பெருமாள் பேரை வைத்துவிட்டு, பறவையின் நெற்றியைப் பாழாக விடலாமா?" என்று மங்கையர்க்கரசி கொளுத்திப் போட்டாள். வாசுதேவன் பாதம் வைத்த தென்கலை நாமம் போட்டான். குழுவில் பாதிப்பேர் பாய்ந்தார்கள். பாதத்தை எடுத்து வடகலையாக்கினான். மீதிப்பேர் பாய்ந்தார்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் யானைக்கே எந்த நாமம் என்று சண்டை வரும், பெங்குவின் எம்மாத்திரம்?

கடைசியில், கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே 'தாங்கள் எந்தக் கலை?' என்று வரதா கேட்கும்படி செய்தான். பதில் சொல்லாவிட்டால் மேலே நகராது.

"நான் பெரிய காஞ்சிபுரம். விபூதி எங்கே?" என்றாள் அம்சா.

அன்றைக்குத்தான் வாசுதேவனுக்கு ரோஷம் வந்தது. "ஓட்டெடுப்பு!" என்று குழுவுக்கு எழுதினான். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், வெளியிடலாமா, கூடாதா? சொல்லாதவர் சம்மதித்ததாக அர்த்தம்."

ராத்திரி ஜெயலக்ஷ்மியிடமும் சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"தோத்துட்டா?"

"இன்னும் ஒரு வருஷம் காலேஜுக்குப் போறேன். ஜெயிச்சா அன்னிக்கே ராஜினாமா. எனக்கும் ஒரு மரியாதை இருக்குடி!"

வெள்ளிக்கிழமை. வெளியிடலாம் என்று மூன்று பேர், கூடாது என்று மூன்று பேர். பூவராகவன் வாய் திறக்கவில்லை. குழுவில் பெரியவர், எப்போதும் கடைசியில் பேசித் தீர்ப்பு சொல்கிறவர். பன்னிரண்டு அடித்தது. மௌனம் சம்மதம்! வாசுதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காலேஜுக்கு ஓடி, ராஜினாமா கடிதத்தை பிரின்சிபால் கையில் திணித்தான். அவர் நல்ல மனுஷர். ஒரு வார்த்தை தடுக்காமல் அப்போதே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்து லில்லியின் கடையில் வரதாவை உலகத்துக்கு வெளியிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"என்னா சார், ஒரே குஷியா கீறீங்க?" என்றாள் லில்லி.

"வேலையை விட்டுட்டேம்மா! எல்லாம் பூவராகவன் புண்ணியம். அவர் ஒருத்தர் மட்டும் வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் தோத்திருப்பேன்."

"பூவராகவனா?" லில்லி உச்சுக்கொட்டினாள். "அதுக்குத்தான் சார் உங்க மேடம் காலைலேர்ந்து இங்க தவிச்சிக்கினு இருந்தாங்க. மத்த ஆறு பேரு பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்குது, பூவராகவனுது மட்டும் மறந்துபோச்சுன்னு அழுதுக்கினே போனாங்க!"