ஆக்டிங் தாசில்தாரும் ஆற்று வாளையும்

கலெக்டர் துரை அவர்களுக்கு எதன்மேல் ஆசை வருகிறதோ, அதன்மேல் ஜில்லா முழுவதற்கும் ஆசை வந்துவிட வேண்டும் என்பது சர்க்கார் நடைமுறை. எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை. அதனால்தான் இதை யாரும் மீறுவதில்லை.

முந்தைய துரைக்கு ரோஜாச் செடி. குமாஸ்தாக்கள் வீட்டு வாசலிலெல்லாம் முள் குத்தியது. புதிதாக வந்த துரைக்கு ராட்டைத் தூண்டில். கழியின் அடியில் ஒரு பித்தளை ராட்டை, அதில் சுற்றிய பட்டு நூல், நுனியில் தகட்டால் செய்த பொய்மீன். வீசினால் ராட்டை சுழன்று நூல் ஓட வேண்டும். ராட்டை என்னவோ தடித்த நூலுக்கென்று செய்ததுதான். ஆனால் தடித்த நூலில் பிடிப்பவன் வயிற்றுக்குப் பிடிக்கிறவன், மெல்லிய நூலில் பிடிப்பவனே கனவான் என்பது துரையின் கட்சி. மெல்லிய நூலைப் போட்டு வீசினால் ராட்டை முந்திக்கொள்ளும், நூல் பிந்திக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து இடியாப்பச் சந்தகை பிழிந்ததுபோலச் சிக்காகக் குவிந்துவிடும். கனவான்கள் அதைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள்.

ஜமாபந்தி முடிந்ததும் பரமத்தி வேலூரில் காவேரிக் கரையில் மீன்பிடி வைபவம், தாசில்தார் உட்பட எல்லோரும் தூண்டிலோடு வரவேண்டும் என்று தாக்கீது வந்தபோது சண்முகவேல் அதை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் படித்தார். அவரும் தாசில்தார்தான், ஆனால் ஆக்டிங். வருஷக்கணக்காக ஆக்டிங். ராசிபுரத்தில் மாமனார் வீட்டுத் தெருவில் "மாப்பிள்ளை இன்னும் ஆக்டிங்தானுங்களா?" என்று கேட்காத தறி இல்லை. துரை ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை கன்ஃபர்ம் ஆகிவிடும்.

கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் நாச்சிமுத்துவிடம் யோசனை கேட்டார். துரைக்குக் காதும் வாயும் அவரே.

"போன முகாம்ல ஒருத்தர் தடி நூலைப் போட்டுக் கெண்டை புடிச்சுட்டாருங்க. துரை பாத்துட்டாரு. இப்ப அவரு தம்மம்பட்டிக்கு அந்தப்பக்கம் மலையடிவாரத்துல கொசு புடிச்சுட்டு இருக்காரு."

"அப்ப நான் என்னங்க பண்ணோணும்?"

"மெல்லிசு நூலே போடுங்க. துரைக்குச் சிக்கு விழுந்தா உங்களுக்கும் விழோணும். ஆனா துரை சிக்கைவிடப் பெருசா விழப்படாது. அது அதிகப்பிரசங்கித்தனம்."

சண்முகவேல் மதராஸிலிருந்து ராட்டைத் தூண்டில் வரவழைத்து, தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் கொல்லையில் வீசிப் பழகினார். சிக்கு விழுவதில் சிரமமே இருக்கவில்லை. சிரமமெல்லாம் சிக்கெடுத்த ஜானகியம்மாளுக்கு. நெசவுக்காரர் வீட்டுப் பெண். கணவர் அதற்குத்தான் தன்னைக் கட்டிக்கொண்டாரோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, பாவுல சிக்கு விழுந்தா எங்கப்பன் ஊட்ல நெய்யறவனை வைவாங்க. உங்க ஆபீஸ்ல சிக்கு விழுந்தா உத்தியோகம் குடுப்பாங்களா?"

"அதேதான் அம்மிணி!" என்றார் சண்முகவேல். தன் இலாகாவை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவரை அவர் பார்த்ததில்லை.

வைபவத்துக்கு முந்தின நாள் விழுந்த சிக்கு ஜானகியம்மாளாலும் எடுக்க முடியாத சிக்கு. அதை வெட்டி எறிந்தாள். பாவம் மனுஷன், நாலு பேர் முன்னால் நாளைக்கு ஒருநாளாவது மானத்தோடு வீசட்டும் என்று, பிறந்த வீட்டிலிருந்து வந்த முறுக்குப் பட்டு நூலை, நல்ல தடிப்பானதை, ராட்டை நிறையச் சுற்றி வைத்தாள். அன்பினால் செய்த காரியம், அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் கரையில் முதலில் துரை வீசினார். சந்தகை. "ஆஹா!" என்றார் சிரஸ்தார். அடுத்து சப்-கலெக்டர், அதற்கடுத்து டிப்டி கலெக்டர் என்று பதவி வாரியாகச் சந்தகை விழுந்துகொண்டே வந்தது.

சண்முகவேல் சுவாமியை நினைத்து வீசினார். நூல் சொய்ங்கென்று பறந்து, பாதி ஆற்றைத் தாண்டி, அங்கே போய்க்கொண்டிருந்த ஒரு பரிசல்காரன் பக்கத்தில் விழுந்தது. கனவான்களின் புன்னகை நின்றது. அவர் ராட்டையைப் பார்த்தார். ஒரு சிக்கு இல்லை. உலுக்கினார், தட்டினார், திருப்பிச் சுற்றினார். அப்போதும் விழவில்லை. அந்த நேரம் பார்த்து வாளை ஒன்று கவ்விக்கொண்டது.

"காவேரித் தாயே, பக்கத்துத் தூண்டிலுக்குப் போகச் சொல்லம்மா!" என்று வாய்விட்டே கெஞ்சினார். வாளை போகவில்லை, நூலும் அறவில்லை. "காளியப்பா, கத்தி! கத்தி கொண்டா!"

டவாலிச் சேவகன் காளியப்பன் இடுப்பைத் தடவிப் பார்த்தான். "சர்க்கார் பித்தளை வில்லைதானுங்க குடுத்துருக்குது, கத்தி குடுக்கலீங்க" என்றவன், எஜமானுக்கு உதவ வேண்டுமென்று தண்ணீரில் இறங்கி நூலைப் பிடித்து இழுத்தே விட்டான். ஆட்டுக்குட்டி கனத்தில் ஆற்று வாளை துரையின் பூட்ஸ் காலடியில் வந்து துள்ளியது.

துரையின் முகம் சிவந்தது. சண்முகவேல் கண்ணுக்கு மலையடிவாரமும் கொசுவும் தெரிந்தன. சிரஸ்தார் மட்டும் கலங்கவில்லை. பாய்ந்துபோய்த் துரையின் தூண்டிலை எடுத்து மீன்மேல் வைத்தார்.

"துரை அவர்கள் புடிச்ச மீன்! அதுவும் மெல்லிசு நூல்ல!"

கரையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் சண்முகவேல். துரை சற்றுக் கூச்சப்பட்டார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். ஓரத்தில் சண்முகவேல், துரையின் சந்தகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். கன்ஃபர்ம் உத்தரவு அடுத்த தபாலில் வந்தது.

அந்தப் போட்டோ ஆபீஸுக்கு ஆபீஸ் மாட்டப்பட்டது. மெல்லிய நூலில் வாளை விழும் என்பதற்கு இனி என்ன அத்தாட்சி வேண்டும்? ராட்டையும் மெல்லிய நூலும் மிட்டாதார்கள் வாங்கினார்கள், வக்கீல்கள் வாங்கினார்கள், இளம்பிள்ளைச் சேலை வியாபாரிகள்கூட வாங்கினார்கள். யாருக்கும் மீன் விழவில்லை. "இந்தக் காலத்து மீனுக்கு மரியாதை தெரியலீங்க" என்று அலுத்துக்கொண்டார்கள். அன்று கரையில் நின்று கைதட்டியவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஜானகியம்மாள் ராசிபுரத்துக்குப் போனாள். தெருவே கூடி விசாரித்தது.

"துரைதானுங்க புடிச்சாரு, மெல்லிசு நூல்ல" என்றாள், நூல் சுற்றிக் கொடுத்தவள். "என்ற ஊட்டுக்காரரு பக்கத்துல நின்னாருங்க. இப்ப ஆக்டிங் இல்லீங்க."

அவள் ஊர் திரும்பிய அன்று சாயங்காலம், கன்ஃபர்ம் ஆன தாசில்தார் கொல்லையிலிருந்து வந்து ராட்டையை அவள் மடியில் வைத்தார். புத்தம்புது மெல்லிய நூல், புத்தம்புது சந்தகை.

"ஏனுங்க, அந்தத் தடி நூலையே போட்டுரட்டுங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா அம்மிணி? மெல்லிசு நூல்ல வாளை விழும்னு ராசிபுரம் பூராச் சொல்லிட்டு வந்தவளே நீதானே!"

ஜானகியம்மாள் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு நூலின் நுனியைத் தேட ஆரம்பித்தாள். ஜில்லாவில் பாதி வீடுகளில் அப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.